"கிணறு பொது": பட்டியலில் கடைசிச் சொல் எதுவரை எட்டும்?

பட்டியலுக்கு நிறுத்தக்குறி எதற்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் போதாதா என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கல்யாணச் சாமான் லிஸ்ட் எழுதுபவர்கள், ஊர்ச் சங்கத்துக்கு அறிக்கை எழுதுபவர்கள், பத்திரம் எழுதுபவர்கள் என்று பலரும் இதைச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் காற்புள்ளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்போடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காரணம் ஒரே ஒரு வரி. செட்டிநாட்டு வீட்டைப் பங்கு பிரித்து எழுதும்போது யார் பேனாவிலிருந்தும் வெகு இயல்பாக வந்து விழக்கூடிய வரி அது: "முகப்பு, வளவு, பட்டாலை, கிணறு பொது."

முகப்பு என்பது வீட்டின் முன்பகுதி, வளவு நடு முற்றம், பட்டாலை கூடம். எது பொது? நான்குமா, கிணறு மட்டுமா? காற்புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. எழுத்துப்பிழை இல்லை. எழுதியவருக்கு எழுதும்போது ஐயமும் இருந்திருக்காது. எதிரே உட்கார்ந்து பேசி முடித்த விஷயம், எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தத் தாளை அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கும்போது பேச்சு அங்கே இருக்காது, வரி மட்டும்தான் இருக்கும்.

இந்த வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அறை தனி, வளவு எல்லாருக்கும். விசேஷம் வந்தால் முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் வேண்டும். பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டை இடிப்பதா, விற்பதா, பழுது பார்ப்பதா என்ற கேள்வி வரும்போது "பொது" என்ற ஒரு சொல் எதுவரை எட்டுகிறது என்பதில்தான் கையெழுத்து யார் யாரிடம் வாங்க வேண்டும் என்பதே இருக்கிறது.

திருத்துவது எளிது. நான்கும் பொது என்றால்: "முகப்பு, வளவு, பட்டாலை, கிணறு ஆகிய நான்கும் பொது." கிணறு மட்டும்தான் என்றால் வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டும்: "முகப்பு, வளவு, பட்டாலை ஆகிய மூன்றும் முதல் பங்கைச் சேர்ந்தவை. கிணறு மட்டும் பொது." இங்கே வேலை செய்வது காற்புள்ளி இல்லை. "நான்கும்" என்ற எண்ணிக்கையும் நடுவில் வந்த முற்றுப்புள்ளியும்தான்.

சமையல் லிஸ்டிலும் இதே கோளாறு

பத்திரம் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை எழுதுவது. சமையல் லிஸ்ட் அப்படியில்லை. "முந்திரி, திராட்சை 2 கிலோ" என்று எழுதிக் கடைக்கு அனுப்பினால், முந்திரி 2 கிலோ, திராட்சை 2 கிலோ என்று கட்டுவார் ஒருவர். இரண்டும் சேர்த்து 2 கிலோ என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ கட்டுவார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர் திராட்சை மட்டும் 2 கிலோ கட்டிவிட்டு முந்திரிக்கு அளவு கேட்டு ஆள் அனுப்புவார். நல்ல சமையல்காரர் லிஸ்டைப் படித்த உடனேயே கேட்டுவிடுவார்: "ஆச்சி, இது ரெண்டும் சேர்த்தா, தனித்தனியா?" கேட்காதவர் கையில் லிஸ்ட் போனால் பாயசத்தில் தெரியும்.

இதற்குத் தமிழில் சொற்கள் தயாராகவே இருக்கின்றன. பழைய சமையல்காரர்கள் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். "பட்டை, கிராம்பு, ஏலக்காய் வகைக்கு 50 கிராம்" என்றால் ஒவ்வொன்றும் 50, ஆக 150. "தலா" என்பதும் அதே வேலையைச் செய்யும். கூட்டுத்தொகை என்றால் "சேர்த்து" என்று எழுத வேண்டும்: "கத்தரி, வாழைக்காய் சேர்த்து 10 கிலோ." "வகைக்கு", "தலா", "சேர்த்து" மூன்றில் ஒன்று இல்லாமல், இரண்டு பொருளை ஒரே அளவுக்கு முன்னால் நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து. இடம் இருந்தால் அதுவும் வேண்டாம். பொருளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் அளவு.

வாலில் நிற்கும் அளவு பின்னோக்கிப் பரவுவதைப் போல, தலையில் நிற்கும் அடைமொழி முன்னோக்கிப் பரவும். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது எழுதும் கணக்கில் "பித்தளை அண்டா, தவலை, குடம் 5" என்று ஒரு வரி இருந்தால் அதில் இரண்டு ஐயம் இருக்கிறது. தவலையும் குடமும் பித்தளையா, எவர்சில்வரா? ஐந்து என்பது குடம் மட்டுமா? இங்கே காற்புள்ளியை எங்கே நகர்த்தினாலும் விடை கிடைக்காது. "பித்தளை" என்பதைத் தலைப்பாக மேலே எடுத்துவிட்டு, அண்டா, தவலை, குடம் மூன்றையும் தனித்தனி வரியாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை போட வேண்டும். வெள்ளி, பித்தளை, எனாமல், மரவை, எவர்சில்வர் என்று உலோகவாரியாகவும் வகைவாரியாகவும் தலைப்புப் பிரிப்பது அழகுக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. அடைமொழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அந்தத் தலைப்புகள்தான் எல்லை.

மளிகையும் அப்படியே. மளிகை, காய்கறி, பால் தயிர், இலை, வாடகைப் பாத்திரம் என்று கடைவாரியாகப் பிரிக்க வேண்டும். லிஸ்ட் ஒரே தாளாக இருப்பதில்லை. கடைக்குக் கடை கிழிபட்டுப் போகும். மேல் பகுதியில் "எல்லாம் முதல் தரம்" என்று எழுதியிருந்தால் கிழிந்துபோன கீழ்ப் பகுதிக்கு அது தெரியாது.

"மேற்படி" என்ற குறிக்கும் இதே ஆபத்து உண்டு. பற்று வரவு எழுதிய பழைய பேரேடுகளில் ஆண்டு, மாதம், நாள், ரூபாய், பற்று, வரவு ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது, மேற்படிக்கு ௸. 2003-இல் வந்த யூனிக்கோடு 4.0 இந்தக் குறிகளுக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டதால் இன்று தட்டச்சும் செய்யலாம். ஏட்டில் வரிசை மாறாது, அதனால் அங்கே ௸ பத்திரமாக இருந்தது. கணினியில் எழுதிய பட்டியலை ஒருவர் அகரவரிசைப்படுத்தினாலோ, நடுவில் ஒரு வரி செருகினாலோ, "மேற்படி" வேறு ஒரு வரியைச் சுட்டத் தொடங்கிவிடும். கணினிப் பட்டியலில் அதைத் தவிர்த்து, சொல்லையே திரும்ப எழுதுவது நல்லது.

வினை கடைசியில் வரும் மொழி

வரி உடைத்த பட்டியல்களில் தமிழ் போன்ற மொழிகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "விண்ணப்பத்துடன் பின்வரும் ஆவணங்களை" என்று தொடங்கி, ஏழு ஆவணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, கடைசியில் "இணைக்க வேண்டும்" என்று முடிக்கும் அறிவிப்புகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். படிப்பவர் ஏழு வரியையும் கடக்கும்வரை அவற்றை என்ன செய்வது என்று தெரியாது. இணைப்பதா, காட்டுவதா, ஒப்படைப்பதா? அந்த ஒட்டுவால் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் இன்னும் மோசம். ஏழாவது உருப்படியோடு ஒட்டிப் படித்து, அதற்கு மட்டும்தான் போலும் என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. "கிணறு பொது" வரியின் பெரிய வடிவம்தான் இது.

வழி ஒன்றுதான்: பட்டியல் தொடங்கும் முன்பே வாக்கியத்தை முடித்துவிடுவது. "விண்ணப்பத்துடன் பின்வரும் 7 ஆவணங்களை இணைக்க வேண்டும்:" என்று முக்காற்புள்ளி போட்டுவிட்டு, கீழே பெயர்களை வேற்றுமை உருபு இல்லாமல் வெறும் பெயராக அடுக்கலாம். "குடும்ப அட்டை நகல்" என்று எழுதினால் போதும், "நகலை" வேண்டாம். பெயர்ச்சொல்லாக நிற்கும் உருப்படிக்கு வரி முடிவில் எந்தக் குறியும் தேவையில்லை. வரி முறிவே அந்த வேலையைச் செய்கிறது. உருப்படி முழு வாக்கியமாக இருந்தால் முற்றுப்புள்ளி வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. மூன்று வரி பெயராகவும் நாலாவது வரி "அசலையும் கொண்டு வரவும்" என்று கட்டளையாகவும் இருந்தால், அந்த நாலாவது வரி பட்டியலைச் சேர்ந்ததே இல்லை. பட்டியலுக்கு வெளியே தனி வாக்கியமாகப் போக வேண்டியது அது.

அடுக்கிய பிறகு எண்ணிச் சொல்வது

வரி உடைக்காமல் ஓட்டமாக எழுதும்போது தமிழில் இரண்டு வழி. "பணியாரமும் துவையலும் கும்மாயமும்" என்று உம் போட்டு அடுக்கலாம்; அப்போது காற்புள்ளி வேண்டாம், உம்மே பிரித்துக் காட்டுகிறது. அல்லது வெறும் பெயர்களைக் காற்புள்ளியோடு அடுக்கலாம். இதற்குச் செவ்வெண் என்று பெயர். செவ்வெண்ணாகப் பெயர்களை அடுக்கினால் முடிவில் தொகை, அதாவது மொத்தம் எத்தனை என்ற சொல், வர வேண்டும் என்பது நன்னூல் விதி. உம்மை போட்டு அடுக்கினால் தொகை வரலாம், வராமலும் இருக்கலாம். இந்த விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். பத்திரமோ கணக்கோ எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள இலக்கண விதி வேறு இல்லை என்பேன்.

நகரத்தார் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்கள். "ஒன்பது" என்ற சொல் இருப்பதால், நகல் எடுக்கும்போது ஓர் ஊர் விட்டுப்போனால் எண்ணிப் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பிள்ளையார்பட்டிக்குப் பின், "ஆகிய"வுக்கு முன் காற்புள்ளி வராது. "ஆகிய கோயில்கள்" என்றே எழுத வேண்டும். "ஆகியக்" என்று ஒற்று மிகாது. "முதலிய", "போன்ற" இரண்டுக்கும் அப்படியே. வேற்றுமை உருபைக் கடைசியில் ஒருமுறை போட்டால் போதும்: "பிள்ளையார்பட்டி ஆகிய ஊர்களில்". இந்தப் பட்டியலுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எண் கொடுத்தால் முதலாவது, இரண்டாவது என்ற தரவரிசை தோன்றிவிடும். யாருக்கும் மனத்தாங்கல் வராமல் இருக்க, "அகரவரிசையில்" என்று சொல்லி அப்படியே அடுக்குவது நல்லது.

"ஆகிய" போட்டால் பட்டியல் மூடிவிட்டது; அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "முதலிய" போட்டால் கதவு திறந்திருக்கிறது. "போன்ற" என்றால் சொன்னவை வெறும் மாதிரிதான். பத்திரத்தில் "கதவு, நிலை, தூண் முதலியவை" என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். பர்மாத் தேக்குத் தூணும் உத்திரமும் பெல்ஜியம் கண்ணாடியும் ஊஞ்சலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தனித்தனியே விலை போகக்கூடியவை. ஊஞ்சல் "முதலியவை"க்குள் அடங்குமா என்று வழக்காட இடம் வைப்பானேன்? சமையல் லிஸ்டிலும் "காய்கறி முதலியன" வேண்டாம். மேடைப்பேச்சுக்கும் கட்டுரைக்கும் மட்டும் "முதலிய" இருக்கட்டும்.

உருப்படிக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் உருப்படிகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். "காலை: இட்லி, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி; மாலை: கந்தரப்பம், மசாலாச் சீயம்; இரவு: இடியாப்பம், சொதி." மொய்த் தொகைகளை ஓட்டமாக எழுதும்போதும் இதே விதி. "1,001, 501, 2,000" என்று எழுதினால் எந்தக் காற்புள்ளி ஆயிரத்துக்கு, எது பிரிப்புக்கு என்று கண் தடுமாறும்.

எண்ணும் எழுத்தும்

"1. 5 கிலோ பச்சரிசி" என்று எழுதினால் அது ஒன்றரை கிலோவாகிவிடும். வரிசை எண்ணுக்கு அடுத்து அளவு வரவே கூடாது. பொருளின் பெயர் நடுவில் நிற்க வேண்டும். "1) பச்சரிசி – 5 கிலோ". "கி." என்ற சுருக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கிலோவும் கிராமும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஏலக்காய் 100 கி. என்றால் யாரும் கிலோவாக எடுக்க மாட்டார்கள். வெல்லம் 50 கி. என்றால்?

எழுத்தை வரிசைக்குறியாக வைக்கும்போது அ, ஆ, இ வரை சிக்கல் இல்லை. எ, ஏ வரும்போது நகலின் நகலில் அந்தச் சின்னக் கோடு காணாமல் போகும். ஒ, ஓ வேறுபாடும் ஒரு சுழியில்தான் இருக்கிறது. போனில் வாசித்தால் குறிலும் நெடிலும் மயங்கும். பழைய தாளோடு ஒப்பிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: தமிழ் எண் ௮ எட்டைக் குறிக்கிறது, பார்வைக்கு அகரம்தான், ௭ ஏழு, பார்வைக்கு எகரம். ஆகவே தபசில் (பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியல்) நான்குக்கு மேல் போனால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு மாறிவிடலாம்.

பெயர்ப் பட்டியல் செட்டிநாட்டில் தனிப் பாடு. தலைப்பெழுத்து இங்கே ஒன்றோடு நிற்பதில்லை, ராம. சித. பழ. என்று அடுக்கி வரும், ஒவ்வொன்றின் பின்னும் புள்ளி. அப்படி நாலு பேரை ஒரே வரியில் போட்டால் ஒருவர் பெயர் எங்கே முடிந்து அடுத்தவர் தலைப்பெழுத்து எங்கே தொடங்குகிறது என்று உறவினருக்கு மட்டும்தான் தெரியும். அழைப்பிதழானாலும் சங்க உறுப்பினர் பட்டியலானாலும் ஆளுக்கு ஒரு வரி கொடுங்கள். இடமில்லை என்றால் இரண்டு பேருக்கு நடுவில் அரைப்புள்ளி போடுங்கள்.

நான்கெல்லை

பட்டியலின் உருப்படிகள் எல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பதை அழகியல் என்று நினைப்பவர்களுக்கு நான்கெல்லையைக் காட்டலாம். எல்லையை எழுத இரண்டு வழக்கம் உண்டு. "கிழக்கில் தெரு, மேற்கில் ஊருணி" என்பது ஒன்று. "தெருவுக்கு மேற்கு, ஊருணிக்குக் கிழக்கு" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மனையைத்தான் சொல்கின்றன, ஆனால் திசைச்சொற்கள் நேர் எதிர். முதலாவதில் திசை பக்கத்துச் சொத்துக்கு. இரண்டாவதில் நம் சொத்துக்கு. இரண்டையும் கலந்து "தெருவுக்கு மேற்கு, மேற்கில் ஊருணி" என்று எழுதினால் படிப்பவர் ஒரே திசை இரண்டு முறை வந்துவிட்டதென்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார். உருபை விழுங்கி "தெரு மேற்கு, ஊருணி கிழக்கு" என்று சுருக்கினால் மனை ஊருணியின் எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போகும். ஒரு வழக்கத்தைத் தேர்ந்தெடுத்து நான்கையும் அதிலேயே எழுதி, "இந்நான்கெல்லைக்கு உட்பட்ட" என்று தொகை சொல்லி மூட வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டவை. கிழக்கிலும் மேற்கிலும் "தெரு" என்றே வரும். தெருவின் பெயரில்லாமல் இரண்டு உருப்படியும் ஒன்றுபோலத் தெரிவதால் நகல் எடுப்பவர் ஒன்றை விட்டுவிடுவார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நகரத்து வீடுகளை அவை முகம் பார்த்திருக்கும் தெருவைக் குறிப்பிட்டு, அதன் எந்தப் பக்கம் என்றும் சொல்லி விவரிக்கச் சொல்கிறது. பெயரோடு எழுதும் பழக்கம் சட்டத்துக்கும் பொருந்தும்.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவுதான் பட்டியல் எழுதுபவரின் மேசையில் எப்போதும் இருக்க வேண்டியது. பத்திரத்தில் இடைச்செருகல், வெற்றிடம், அழிப்பு, திருத்தம் ஏதாவது இருந்தால், எழுதிக் கொடுப்பவர்கள் அதன் அருகே கையெழுத்தோ சுருக்கொப்பமோ இட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு அலுவலர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். விட்டுப்போன கிணற்றையோ "மட்டும்" என்ற சொல்லையோ பதிவு நாளன்று வரிக்கு மேலே செருகினால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லாரும் மறுபடியும் பேனா எடுக்க வேண்டிவரும். வரைவாக இருக்கும்போதே ஒவ்வொரு உருப்படியையும் தனியே எடுத்து, கடைசிச் சொல் அதற்கும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். பிறகு எண்ணி, "ஆக உருப்படி" எத்தனை என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, கடைசி உருப்படிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் மிஞ்சும் வெற்றிடத்தில் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும்.